உண்மைவிளம்பியின் ஐந்து விரல்கள்

ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை என்று நீங்கள் சொல்லித்தான் பாருங்களேன், "எப்படிச் சொல்றீங்க? எல்லாத் தெருவுலயும் விசாரிச்சீங்களா?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அவரேதான். ஆதாரம் கேட்பவர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். எதிர்த்துப் பேசுகிறவர் வேறு, குறை சொல்கிறவர் வேறு; இவரை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடக் கூடாது. நீங்கள் சொல்வது தப்பு என்று இவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார், ஒரு வாய் டீ குடிப்பார், தம்ளரைக் கீழே வைப்பார், அப்புறம் நிதானமாகக் கேட்பார்: "யார் சொன்னது?" அவ்வளவுதான். நேற்றுவரை உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்த உங்கள் பிறந்த தேதிகூட அந்த நிமிஷத்தில் ஆட்டம் கண்டுவிடும்.

இவருக்கு இடம் பொருள் கிடையாது. துக்க வீட்டுக்கு மாலையோடு வருவார். "விடியக்காலை மூணு மணிக்குப் போயிட்டாருங்க" என்று தேம்பிக்கொண்டே சொல்லும் மகனின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எந்தக் கடிகாரத்தில் பார்த்தது என்று கேட்பார். குரலில் உண்மையான வருத்தம் இருக்கும். அதைத்தான் தாங்க முடியாது.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் நீங்கள் ஏற்காட்டுக்கு வர வேண்டும். பெயர் தேவசிகாமணி. மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவரே ஆதாரம் கேட்டு வந்துவிடுவார். சேலத்திலிருந்து மலை ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு என்று ஊரே சொல்கிறது, வளைவுக்கு வளைவு நம்பர் போட்டுப் பலகையும் வைத்திருக்கிறது. தேவசிகாமணிக்கு அது போதவில்லை. பலகை வைத்தவர் எண்ணித்தான் வைத்தாரா, கையில் இருந்த பலகைகளுக்குத் தகுந்தபடி வைத்தாரா என்று யார் கண்டது? மூன்று தடவை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தானே எண்ணினார். இருபதுதான் வந்தது. "அப்பச் சரி" என்று அரசாங்கத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அவருடைய மனைவி இன்பமேரி தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர். மலையில் மழை எப்போது வரும் என்று மழைக்கே தெரியாத ஊரில், மாடியிலிருந்து அந்தம்மாள் "ஏனுங்க, மழை வருதுங்க, துணியை எடுங்க" என்று குரல் கொடுத்தால் தேவசிகாமணி வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். மேகம் எந்தத் திசையில் நகர்கிறது, நாகலூர்ப் பக்கம் கறுத்திருக்கிறதா, சும்மா பனிமூட்டமா என்று பார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் வேட்டி நனைந்திருக்கும். நனைந்த வேட்டியைத் தொட்டுப் பார்த்து, நீ சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்வார். பெருந்தன்மையான மனிதர்.

கேலி கிடக்கட்டும், ஆசிரியராக அவர் கெட்டிக்காரர். அதைச் சொல்லாவிட்டால் பாவம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, பிள்ளைகள் எல்லாரும் வீட்டுப்பாடத்தை அதிலிருந்துதான் இறக்குகிறார்கள். இறக்குவது என்றால் அப்படியே மூட்டையோடு. ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் 'தொகு' என்று ஒரு சொல் இருக்கும், யாராவது திருத்த விரும்பினால் அழுத்துவதற்காக. பதினோராம் வகுப்பில் பாதிப் பேருடைய நோட்டில் 'சோழர் நிர்வாகம் தொகு' என்று அழகான கையெழுத்தில் தலைப்பு இருந்தது. மாதேஷ் என்ற பையன் ஒரு படி மேலே போய், அரையாண்டுத் தேர்வில் ஒரு பதிலை 'மேற்கோள் தேவை' என்று முடித்திருந்தான். ஆதாரம் இல்லாத வரிக்குப் பின்னால் அந்தக் கலைக்களஞ்சியத்துக்காரர்கள் போடும் எச்சரிக்கை அது. தெரியாமல் எழுதினாலும் அந்தப் பதிலில் அது ஒன்றுதான் நேர்மையான வாக்கியம் என்று தேவசிகாமணி அரை மதிப்பெண் போட்டார்.

அப்புறம் அவர் அவர்களைத் திட்டவில்லை. அந்தக் கலைக்களஞ்சியத்தைத் தொடாதே என்று சொல்லவும் இல்லை. சோதித்துவிட்டுத் தொடு என்றார். அதற்கு ஐந்து விரல் சோதனை என்று ஒன்றை உண்டாக்கி, தன் கையைக் கரும்பலகையில் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொரு விரலிலும் ஒரு கேள்வி எழுதினார். பெருவிரல்: யார் எழுதியது? ஆள்காட்டி விரல்: எந்த ஆதாரத்தைக் காட்டுகிறார்? நடுவிரல்: எப்போது எழுதினார், பிறகு யார் யார் மாற்றினார்கள்? மோதிர விரல்: அவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாரா? சுண்டு விரல்: இவரோடு சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தனியாக அதையே சொல்கிறாரா? சுண்டு விரல் சின்னதாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள், அது இல்லாமல் மற்ற நாலும் சும்மா என்று சொல்லிவிட்டு, பக்கத்தின் மேலே 'வரலாறு' என்று இருக்கும் பொத்தானை அழுத்தினால் எந்த வரியை எந்தப் பெயரில் யார் எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று அத்தனையும் தெரியும் என்று காட்டியும் கொடுத்தார். நல்ல பாடம். நானே உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கலைக்களஞ்சியத்தில் சேர்வராயன் மலையைப் பற்றிய முந்நூற்றுச் சொச்சம் வரிகளை எழுதிய 'உண்மைவிளம்பி' என்ற புனைபெயர்க்காரர் அவர்தான்.

இதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. முந்நூறு வரியில் இருநூற்றுத் தொண்ணூறு சுத்தமான வரிகள். கோயில் திருவிழா எந்த மாதம், வாழவந்திக்கு எத்தனை பஸ், எல்லாம் அவர் நேரில் பார்த்து எழுதியது. மீதியில் ஒரு வரியைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாகலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பஸ் பஞ்சராகி நின்றது. இறங்கிக் காலாற நடந்தவர், காரப்பள்ளம் என்ற சிற்றூருக்குத் திரும்பும் மண்பாதையோரம் பாசி பிடித்த கல் ஒன்றைக் கண்டார். பாசியைச் சுரண்டினார். 1923 என்று செதுக்கியிருந்தது. பாதை ஓர் எஸ்டேட்டின் காப்பித் தோட்டத்துக்குள் போகிறது, அந்தப் பக்கம் முப்பது வீடு தெரிகிறது, கல்லில் வருஷம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த வார இறுதியில் கலைக்களஞ்சியத்தில் ஒரு வரி ஏறியது: 'காரப்பள்ளம், எஸ்டேட் பணிக்காகச் சமவெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்களைக் கொண்டு 1923ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது.' எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் பார்த்துக்கொண்டார்.

மறுவாரமே அந்த வரிக்குப் பின்னால் எவனோ 'மேற்கோள் தேவை' என்று போட்டுவிட்டான். ஆதாரம் கேட்பவரிடம் ஆதாரம் கேட்டால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் காலம் எதையும் மறக்கடிக்கும். மூன்று வருஷம் கழித்து ஊர் வாசகர் வட்டத்தின் வெள்ளிவிழா மலருக்கு 'நம் மலையின் சிற்றூர்கள்' என்று அவரிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். காரப்பள்ளம் எந்த வருஷம் என்று சட்டென நினைவுக்கு வரவில்லை. கலைக்களஞ்சியத்தைப் பார்த்தார். 1923 என்று இருந்தது. எழுதினார். மலர் வெளியான மறுமாதம் கலைக்களஞ்சியத்தின் பக்கம் போனவர், ஒரு நல்ல வரி ஆதாரமில்லாமல் அநாதையாகக் கிடப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், கீழே அடிக்குறிப்புச் சேர்த்தார்: 'தேவசிகாமணி, வெள்ளிவிழா மலர், பக்கம் 47.' சத்தியமாக அவருக்குச் சூது கிடையாது. இந்த இனத்துக்கே உள்ள மறதி அது. மற்றவர்கள் சொன்னது எல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். தங்கள் தலைக்குள் இருப்பது மட்டும் கூடவே பிறந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி இந்த வருஷத்துக்கு வருவோம். ஆடி மாதம், கீர்த்திகா என்ற மாணவி தொடர்ந்து நான்கு நாள் வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். காலணி முழுக்கச் சேறு. தேவசிகாமணி வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றிக் காரணத்துக்கு ஆதாரம் கேட்டார். அந்தப் பெண் காரப்பள்ளம். அவளுடைய அப்பா குழந்தைவேல் அங்கே ராகியும் ஆரஞ்சும் கொஞ்சம் காப்பியும் வைத்திருக்கிற விவசாயி. எஸ்டேட் வழியாகப் போகும் அந்த மண்பாதையில் நடந்தால் பஸ் நிறுத்தம் ஐந்து நிமிஷம். எஸ்டேட் கைமாறிவிட்டதாம். புது மேனேஜர் ஜெப்சன் பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டாராம். இப்போது காட்டைச் சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆகிறது. பழ மூட்டை தலைச்சுமையாக அப்படித்தான் வருகிறது, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப் போன வாரம் நாற்காலியில் வைத்து அப்படித்தான் தூக்கி வந்தார்கள், வைகாசியில் சேர்வராயன் கோயிலுக்குப் போகிற சனமும் இனி அப்படித்தான் போக வேண்டும்.

கேட்டதற்கு மேனேஜர் இணையத்திலிருந்து அச்செடுத்த ஒரு தாளை நீட்டினாராம். ஊரே 1923இல் எஸ்டேட் கொண்டுவந்து வைத்த ஊர், பாதையும் எஸ்டேட் பார்த்துக் கொடுத்த பாதை, கொடுத்தவன் சாத்தவும் சாத்தலாம் என்று. பிள்ளை அந்தத் தாளைப் படித்துக் காட்டினாள்.

கேட்டுக்கொண்டிருந்தபோது தேவசிகாமணிக்கு முதலில் தோன்றியது, வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறதே என்பதுதான். அப்புறம்தான் யார் எழுதியது என்று உறைத்தது. உறைத்ததும் பயந்தாரா? அதுதான் இல்லை. கல்லில் இருந்ததைக் கண்ணால் பார்த்து எழுதியது, மலரில் வேறு வந்திருக்கிறது. பிள்ளையின் மேல் பரிதாபம்தான் வந்தது. உண்மை என்றால் சில சமயம் நமக்குப் பிடிக்காமல்தான் இருக்கும் என்று கனிவாகச் சொல்லி, "நீ இந்த வரியையே எடுத்துக்க கண்ணு. அஞ்சு விரலும் வெச்சுச் சோதிச்சுட்டு வந்து வெள்ளிக்கிழமை வகுப்புல சொல்லு" என்றார். பத்து மதிப்பெண் செயல்திட்டம். இவ்வளவு நம்பிக்கையோடு யாரும் தன் வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கீர்த்திகா எழுந்து நின்று, அவர் கரும்பலகையில் போட்ட மாதிரியே தன் கையை ஓர் அட்டையில் வரைந்து கொண்டுவந்திருந்தாள். பெருவிரல்: எழுதியவர் பெயர் உண்மைவிளம்பி. ஆள் யார் என்று போடவில்லை. நடுவிரல்: எழுதியது பதினோரு வருஷத்துக்கு முன்னால், அடிக்குறிப்புச் சேர்த்தது மூன்று வருஷம் கழித்து, இரண்டும் அதே கை. ஆள்காட்டி விரல்: ஆதாரம், வெள்ளிவிழா மலர். மலரை நூலகத்தில் எடுத்துப் பார்த்தாளாம். நாற்பத்தேழாம் பக்கத்தில் 1923 இருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் கட்டுரையின் கடைசியில் இந்தக் கலைக்களஞ்சியத்தையே போட்டிருக்கிறது. ஆக மலரைக் கேட்டால் கலைக்களஞ்சியத்தைக் கை காட்டுகிறது, கலைக்களஞ்சியத்தைக் கேட்டால் மலரைக் கை காட்டுகிறது, சுண்டு விரலுக்கு ஆளே இல்லை என்றாள். வகுப்பு சிரித்தது. கட்டுரை யாருடையது என்று மாதேஷ் கேட்டான். "சாரோடதுதான்" என்றாள் கீர்த்திகா, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல்.

அதோடு விட்டாளா? மோதிர விரல் இருக்கிறதே. கைபேசியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதல் படத்தில் அந்தக் கல், 1923. அடுத்த படத்தில் நாற்பது அடி தள்ளி இன்னொரு கல், 1924. அதற்கடுத்தது 1925. தண்ணீர்த் தொட்டியருகே 1931. இந்தப் பக்கம் திரும்பினால் 1922, 1921, பஸ் நிறுத்தத்தில் 1909. அத்தனையும் எஸ்டேட்டின் எல்லைக்கற்கள். கல்லுக்கு ஒரு நம்பர். அந்தக் காலத்தில் மலை முழுக்க வரிசையாக நம்பர் போட்டுக்கொண்டே போனார்கள், நம்ம பக்கம் வரும்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டது என்று அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற சிங்கராயர் சொன்னாராம்.

"எங்க ஊட்டுக்குப் பின்னாடி 1926 இருக்குதுங்க சார்" என்றாள் கீர்த்திகா. "கல்லுல இருக்கறது வருஷம்னா எங்க ஊரு நாப்பது அடிக்கு ஒருக்கா உருவாகியிருக்கோணுமுங்க."

தேவசிகாமணி எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே மூட்டம். கொஞ்ச நேரம் அதை ஆராய்ந்துவிட்டுத் திரும்பி வந்து, சோதனை பிரமாதம் என்றார். மனசாரத்தான் சொன்னார். பத்துக்கு ஒன்பது போட்டார். ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று மாதேஷ் கேட்டதற்கு, உண்மைவிளம்பி யார் என்று கண்டுபிடிக்கவில்லையே என்றார். பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கணினி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உண்மைவிளம்பியாக உள்ளே நுழைந்து, அந்த வரியை அழித்தார். தப்பைத் திருத்தியாகிவிட்டது, யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, எல்லாம் சுமுகம். டிபன் பாக்ஸைத் திறந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரையைப் பார்த்தால், வரி திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. எந்த ஊரிலிருந்தோ இதைக் காவல் காக்கும் ஒரு தன்னார்வலர் ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: 'தக்க ஆதாரமுள்ள வரி காரணமின்றி நீக்கப்பட்டதால் மீட்கப்பட்டது. காண்க: தேவசிகாமணி, பக்கம் 47.' இவர் மறுபடி அழித்தார். மறுபடி வந்தது. 'அந்தக் கட்டுரையில் உள்ள தகவல் பிழையானது' என்று எழுதினார். உங்கள் சொந்தக் கருத்து ஏற்கத்தக்கதல்ல, தேவசிகாமணி இம்மலையின் வரலாற்றை அறிந்தவர் என்று பதில் வந்தது. பொறுமை போய், 'அந்தத் தேவசிகாமணியே நான்தான் ஐயா' என்று எழுதிவிட்டார்.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. 'அதற்கு ஆதாரம்?'

முப்பது வருஷமாக ஊரில் எல்லாரிடமும் அவர் கேட்ட கேள்வி. அது எந்த மாதிரிப் போய் இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் வீட்டில் இன்பமேரியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். நீங்கள்தான் தேவசிகாமணி என்று நான் வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்று அந்தம்மாள் கேட்டார். "நீ சொந்தக்காரி. செல்லாது" என்றார் இவர். சுண்டு விரல் விதி.

மறுநாள் குழந்தைவேலே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பை பட்டர் ஃப்ரூட். செவ்வாய்க்கிழமை வருவாய் ஆய்வாளரம்மா அந்த இரும்புக் கேட்டுக்கே வந்து விசாரிக்கப் போகிறாராம். மேனேஜர் தாளெல்லாம் வைத்திருக்கிறார், எங்களிடம் ஒரு தாளும் இல்லை, எங்கள் பக்கம் பேசவும் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் தயங்கித் தயங்கிக் கேட்டது இதுதான்: "நீங்க வந்து நின்னு, எதுக்கும் ஆதாரம் கேப்பீங்களே, அந்த மாதிரி அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டீங்கன்னா நொம்பப் புண்ணியமுங்க. பாதை போச்சுன்னா எங்களுக்குப் பொழப்பே போச்சுங்க."

வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஞாயிறும் திங்களும் அவர் யாரிடமும் ஆதாரம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே நின்றபோது, இந்த வருஷம் காப்பி விளைச்சல் இரண்டு மடங்கு என்று ஒருவர் வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டார். இவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கேட்டுக்கு இந்தப் பக்கம் ஊர்ச்சனம், அந்தப் பக்கம் ஜெப்சன், நடுவில் குடையோடு ஆய்வாளர் கலா. ஜெப்சன் கலைக்களஞ்சியப் பக்கத்தை லேமினேஷன் போட்டே கொண்டுவந்திருந்தார். மழை நாள் அல்லவா, முன்யோசனைக்காரர். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதுவார்களே என்றார் கலா. அதனால்தான் அடிக்குறிப்பையும் பாருங்கள், ஒரு வரலாற்று ஆசிரியர் எழுதிய கட்டுரை, அச்சில் வந்தது என்று ஜெப்சன் மரியாதையாக விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தத் தேவசிகாமணிங்கறவரு யாருங்க?" என்றார் கலா.

சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தேவசிகாமணியின் கை தன்னால் கண்ணாடிக்குப் போனது. போய், நெற்றிக்கு ஏற்றாமல் கழற்றிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. மறுபடி ஆராய வேண்டும், காலம் தேவை, இந்த வருஷத்தை உறுதியாகவும் சொல்ல முடியாது, மறுக்கவும் முடியாது என்று பத்து நிமிஷம் பேசலாம். அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கூட்டத்தில் புத்தகப் பையோடு கீர்த்திகா நின்றாள். காலில் அதே சேறு. அதைப் பார்த்தபோது அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"நான்தானுங்க" என்றார். "அது தப்புங்க. அந்தக் கல்லைச் சரியாப் பாக்காம எழுதிட்டனுங்க."

தப்பு என்பதற்கு ஆதாரம் என்ன என்று ஜெப்சன் கேட்டார். நியாயமான கேள்வி. தேவசிகாமணி நடக்க ஆரம்பித்தார். கேட்டைத் திறக்கச் சொல்லி, 1923இல் நின்று, நாற்பது அடி நடந்து 1924இல் நின்று, பாசியைத் தானே கையால் சுரண்டி, 1925, 1926 என்று குழந்தைவேல் வீட்டுப் பின்பக்கம் வழியாகப் போக, ஆய்வாளரும் மேனேஜரும் சனமும் பின்னாலேயே வந்தார்கள். 1931 வந்தபோது கலாவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, வாக்குமூலத்தை எழுதிக்கொண்டே, கலைக்களஞ்சியத்தில் இதை முதலில் எழுதின அந்த உண்மைவிளம்பி யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

"அதுவும் நான்தானுங்க."

 கலா அதையும் எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு, நில அளவை முடிந்து முடிவு வரும்வரை கேட் திறந்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். ஜெப்சன் லேமினேஷனைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது தேவசிகாமணி கீர்த்திகாவிடம், அந்த ஒரு மதிப்பெண்ணைச் சேர்த்துப் பத்தாகப் போட்டுவிடுகிறேன், உண்மைவிளம்பி யார் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது என்றார்.

"அன்னிக்கே தெரியுமுங்க சார்" என்றாள் அவள். "அந்தப் பேருல நீங்க வாழவந்தி பஸ் நேரமெல்லாம் போட்டிருந்தீங்க. வகுப்புலயும் அதையே அப்படியே சொல்லுவீங்க."

அப்புறம் ஏன் வகுப்பில் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சுண்டு விரலுக்கு ஆள் வேணுமில்லீங்களா சார். நான் ஒருத்தி மட்டும் சொன்னா ஆதாரம் ஆகாதுங்களே. இன்னொருத்தரு தானாச் சொல்லட்டும்னு இருந்தனுங்க."

குழந்தைவேல் எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்து ஆரஞ்சு கொடுத்தார். எங்க ஊரு நேத்து வந்ததுங்களா, நானூறு வருஷமா இங்கேயேதானுங்க இருக்கறோம் என்று சந்தோஷத்தில் சொன்னார். தேவசிகாமணியின் கண்ணாடி பாதி ஏறியது. வாய் திறந்தது. கீர்த்திகா ஓர் ஆரஞ்சுச் சுளையை நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

கலைக்களஞ்சியத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறது. ஆய்வாளரிடம் கொடுத்த வாக்குமூலம் அச்சில் வராததால் அதை ஆதாரமாக ஏற்க முடியாது என்று அந்தத் தன்னார்வலர் உறுதியாக நிற்கிறார். கீர்த்திகா கற்களின் படங்களை ஏற்றி வைத்திருக்கிறாள். வாதம் நடக்கிறது. பாதை திறந்திருக்கிறது, அவள் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுகிறாள்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். தேவசிகாமணியைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, காரப்பள்ளம் என்று ஓர் ஊர் இருப்பதாக உங்களுக்கு யார் சொன்னது? நான் சொன்னேன். நான் யார்? தெரியாது. கல்லுக்குக் கல் நாற்பது அடி என்றேன், தலையாட்டினீர்கள். ஊருக்கு நானூறு வருஷம் என்று ஒரு மனிதர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார், நல்ல மனிதர் என்பதால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். ஐந்து விரலில் ஒரு விரலையாவது மடக்கினீர்களா? இல்லை. அடுத்த மாதம் ஏற்காட்டுக்குப் போகும் நண்பர் யாரிடமாவது, "நாகலூர்ப் பக்கம் நானூறு வருஷத்துப் பழைய ஊர் ஒண்ணு இருக்கு தெரியுமா?" என்று கண்டிப்பாகச் சொல்லப் போகிறீர்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி யார் சொன்னது என்று கேட்பார். நீங்கள் கொஞ்சமும் தயங்காமல், மலருக்குக் கட்டுரை எழுதியபோது தேவசிகாமணி சொல்லியிருக்கக்கூடிய அதே பதிலைச் சொல்வீர்கள்: "எங்கயோ படிச்சேன்."